எங்கள் ரத்தத்தைக் கொண்டுபோனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரிவாள்செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தை நடத்தும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கும், அதே நோய்க்கு மரபணுத் திருத்தச் சிகிச்சையை உருவாக்கிவரும் ஆய்வாளர்களுக்கும்,

நான் ஒரு லேப் டெக்னீஷியன். நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே, மேட்டுப்பாளையத்தைப் பார்த்த சரிவில் இருக்கும் ஓர் இருளர் ஊரில் பிறந்தவள். முகாம் முகாமாகப் போய், ஜனங்களின் கையில் ரப்பர் பட்டை கட்டி, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே நான் எழுதப்போகிற புகாரில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2025 நவம்பரில் டெல்லியில் ஓர் அறிவிப்பு வந்தது. சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் இந்தப் பரம்பரை நோய்க்கு நம் நாட்டிலேயே, மரபணுவைக் கத்தரிபோல வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஒரு மரபணுச் சிகிச்சை உருவாகியிருக்கிறது, பெயர் ‘பிர்சா 101’, வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஆகும் சிகிச்சையைக் குறைந்த செலவில் தர முடியும் என்றார்கள். பழங்குடிப் போராளி பிர்சா முண்டாவின் பெயரை வைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். என் அக்கா மகள் அந்தச் செய்தியைப் போனில் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். 14 வயது. அவளுக்கு இந்த நோய் இருக்கிறது. “சித்தி, அந்தக் கத்தரி எனக்கும் வருமா?” என்று கேட்டாள்.

அதே வாரத்தில் எங்களுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இந்த நோய்க்குத் தொடர்ந்து சாப்பிட வேண்டிய ஹைட்ராக்சியூரியா கேப்சூல் இல்லை. தொடர்ந்து மூன்றாவது மாதமாக இல்லை. நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துவந்த ஆலோசகரின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டபோது, “டார்கெட் முடிஞ்சுதே, அப்புறம் எதுக்கு?” என்றார் ஓர் அலுவலர். முடிந்தது பரிசோதனை எண்ணிக்கை. நோயாளிகள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கை கால் குடைச்சல் வரும். மழை பிடித்தால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், வெயிலில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க மறந்தால் வரும். ஒரு மருத்துவமனையில் வாதக் காய்ச்சல் என்றார்கள். இன்னொன்றில் எலும்புக் காசநோய் என்று சொல்லி ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பாட்டி மந்திரித்தார். 2004-இல் நெஞ்சில் வலி, மூச்சுத் திணறல் என்று கொண்டுபோனோம். நிமோனியா என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனான். 22 வயது. அவனுக்கு வந்தது என்ன என்று நான் லேப் படிப்புப் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. மைக்ராஸ்கோப்பில் முதல் முறையாக அந்த வளைந்த சிவப்பணுக்களைப் பார்த்த அன்று ஸ்லைடை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கேட்கும் முதல் கேள்வி அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் அரிவாள்செல் தன்மை முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கள் மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அதைக் கண்டு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். என் தம்பி இறந்தது அதற்கு 52 வருடம் கழித்து. அத்தனை வருடத்தில், இந்த மலையிலிருந்து ஒரு பையன் எலும்பு வலி என்று வந்தால் முதலில் இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்ற ஒரு வரி எங்கள் மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை. ரத்தம் போனது, கட்டுரை ஆனது, பதில் மட்டும் மலை ஏறவில்லை.

இது விஞ்ஞானத்துக்கு எதிரான மடல் என்று யாராவது நினைத்தால் தவறு. மரபணுத் திருத்தம் என்ன செய்கிறது என்பதை எங்கள் ஊரில் என்னைவிட ஆசையாகப் படித்தவர்கள் கிடையாது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைக் கட்டும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. அதனால் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு குச்சி குச்சியாக நீள்கிறது. சிவப்பணு விறைத்து வளைந்து, மெல்லிய ரத்தக் குழாயில் போய் அடைத்துக்கொள்கிறது. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த எழுத்து வந்தால் நோய் இல்லை. அது மலேரியாவுக்கு ஒரு தடுப்புபோல வேலை செய்தது. மலேரியா ஆட்டிவைத்த காட்டில் எங்கள் முன்னோர் பிழைத்ததில் அந்த எழுத்துக்கும் பங்கு உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால்தான் என் தம்பியைப்போல, அக்கா மகளைப்போல.

2019 ஜூலையில் அமெரிக்காவில் விக்டோரியா கிரே என்ற பெண்ணுக்கு அவருடைய ரத்த மூல செல்களையே (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள்) எடுத்து, கிரிஸ்பர் கொண்டு திருத்தி, திரும்பச் செலுத்தினார்கள். கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் ஃபீட்டல் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கும். பிறந்த சில மாதங்களில் அது அணைந்துவிடும். அதை அணைக்கிற ஸ்விட்ச் ‘பிசிஎல்11ஏ’ என்ற மரபணு. ரத்த செல்களில் அந்த ஸ்விட்சை வெட்டிவிட்டால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப ஊறும், சிவப்பணு அரிவாளாக வளையாது. அந்தச் சிகிச்சைக்குக் காஸ்கெவி என்று பெயர். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 31 நோயாளிகளில் 29 பேருக்கு குறைந்தது ஒரு வருடம் கடுமையான வலித் தாக்குதல் ஒன்றுகூட வரவில்லை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2023-இல் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய நம் கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய். என் அக்காவுக்குத் தோட்டத்தில் நாள் கூலி 400. ஒரு நாள்கூட லீவு போடாமல், ஒரு வாய் சாப்பிடாமல் சேர்த்தால் 1,232 வருடம் ஆகும். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு அக்காவே சிரித்துவிட்டாள். அதனால்தான் உள்நாட்டில், குறைந்த செலவில் என்று நீங்கள் சொன்னதை நாங்கள் அவ்வளவு ஆவலோடு கேட்டோம். ஆனால் குறைந்த செலவு என்பது மருந்தின் விலை மட்டும் இல்லையே.

இந்தச் சிகிச்சை ஓர் ஊசியோடு முடிவதில்லை. காஸ்கெவி முறையில், செல் எடுப்பதற்கு முன் இரண்டு மாதமாவது ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு எந்திரத்தில் படுக்கவைத்து மூல செல்களைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே தடவையில் போதுமான அளவு கிடைக்காமலும் போகலாம். அவை தொழிற்கூடத்துக்குப் போய்த் திருந்தி வர மாதக்கணக்கில் ஆகும். வந்த பின், உடம்பில் இருக்கும் பழைய மஜ்ஜையைப் பியூசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் தனி அறை. முடி கொட்டும், வாய் புண்ணாகும், சின்னத் தொற்றும் ஆபத்து. குழந்தை பெறும் திறன் போய்விடக்கூடும். அதற்கப்புறம் 15 வருடம் கண்காணிப்பு.

இதில் குழந்தை பெறும் திறன் பற்றிய வரியில் நான் நின்றுவிட்டேன். 14 வயதுப் பெண்ணுக்கு அதை யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? முன்கூட்டியே கருமுட்டையை எடுத்து உறையவைத்துப் பாதுகாக்கலாம் என்கிறார்கள். எங்கே, எத்தனை வருடம், யார் பணத்தில்? ‘ஒருமுறைச் சிகிச்சை, வாழ்நாள் விடுதலை’ என்று மேடையில் பேசும்போது இதெல்லாம் விட்டுப்போகிறது. கேட்பவர்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் தேனடைக்காகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்குகிறவர்கள். எந்தக் கயிறு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் இறங்குவார்கள்.

முதுமை பற்றியும் ஒரு வார்த்தை. மரபணு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிற இடங்களில் இப்போது பாதிப் பேச்சு ஆயுளை நீட்டுவதைப் பற்றித்தான். 120 வயது வரை வாழலாமா, முதுமையைத் தள்ளிப்போடலாமா என்கிறார்கள். குழந்தைகளுக்கே கிழத்தன்மை வரும் புரோஜீரியா என்ற நோய் கொண்ட எலிகளில் ஒற்றை எழுத்தைத் திருத்தி, அவற்றின் ஆயுளை இரு மடங்குக்கு மேல் நீட்டியதாக 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் முதுமை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அக்கா மகளின் எக்ஸ்ரேதான். இடது தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாமல் அது சிதைய ஆரம்பித்திருக்கிறது. படத்தைப் பார்த்த மருத்துவர் வயதைக் கேட்டார், 14 என்றதும் சீட்டை இன்னொரு முறை சரிபார்த்தார். மண்ணீரல் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள், எங்கள் பாட்டி ஏறுவதுபோல. இந்த நோய் இருப்பவர்களின் ஆயுள் அமெரிக்காவிலேயே மற்றவர்களைவிட 20 வருடத்துக்கு மேல் குறைவு. எங்களுக்கு 120 வேண்டாம். அவள் 60-ஐப் பார்த்தால் போதும்.

போன ஆடி மாதம் ஒரு நாள் ராத்திரி அவளுக்கு வலி வந்தது. வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தோம். பத்து மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. ஊரிலிருந்து ஜீப் வரும் சாலை வரை போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம், நல்ல மழை. மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) பணியில் இருந்த இளம் மருத்துவர் அவளைப் பார்த்தார். நாடி, பிரஷர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. “வெளியே ஒண்ணும் தெரியலையே, ஸ்கூலுக்குப் போக விருப்பமில்லையாம்மா?” என்றார். நான் நோயைச் சொன்னேன், அட்டையைக் காட்டினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போன மாசமும் இதே வலி ஊசிக்குத்தானே வந்தீங்க, பழகிடப் போகுது” என்று சொல்லிப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பினார். விடியற்காலை நான்கு மணிக்குத் திரும்பக் கொண்டுபோனபோது ஆக்சிஜன் அளவு 86. அப்போதுதான் ஓடினார்கள். அந்த மருத்துவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த வலி எப்படி இருக்கும், எவ்வளவு சீக்கிரம் மருந்து கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கக் குறிப்புப் போதும். மரபணுவைத் திருத்துவதைவிட இது எளிதான வேலை என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. ஹைட்ராக்சியூரியாவும் ஃபீட்டல் ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது. காஸ்கெவி தட்டுகிற அதே கதவை இந்தச் சில ரூபாய்க் கேப்சூலும் தட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக. அமெரிக்காவில் 1998-லேயே இந்த நோய்க்கு இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. அக்கா மகள் ஒழுங்காகச் சாப்பிட்ட எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அட்மிட் ஆகவில்லை. ஸ்டாக் இல்லாத மூன்று மாதத்தில் இரண்டு தடவை. மாத்திரை தொடர்ந்து கிடைக்காத ஊருக்கு, 15 வருடம் கண்காணிக்க வேண்டிய சிகிச்சையை எப்படிக் கொண்டுவருவீர்கள்? கிண்டலுக்காகக் கேட்கவில்லை, உங்கள் திட்டத்தில் இதற்குப் பதில் இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியர்களுக்கு வருவது ‘மிதமான’ அரிவாள்செல் நோய் என்று ஒரு பேச்சு புத்தகங்களில் வெகுகாலமாக இருக்கிறது. நம் பக்கத்து மரபணு வகையில் ஃபீட்டல் ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். சராசரிக்கு அது சரி. போர்வையில் கட்டித் தூக்கி வந்த பிள்ளைக்கு அது மிதமாக இல்லை.

இனி, எடுத்த ரத்தத்தைப் பற்றி.

ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்று இலக்கு. 6 கோடிக்கு மேல் பரிசோதித்தாகிவிட்டது, 2 லட்சத்துக்கு மேல் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள் என்று அரசே சொல்கிறது. பெரிய வேலை. இந்த மலைக்காட்டில் மட்டும் எத்தனை முகாம் நடந்தது என்று எனக்குத் தெரியும், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் முகாமில் நாங்கள் முதலில் செய்யும் கரைதிறன் சோதனை ‘எஸ்’ என்ற, எழுத்து மாறிய ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஒருவர் கேரியரா (ஒருவரிடமிருந்து மட்டும் அந்த எழுத்து வந்தவர்) நோயாளியா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி சோதனை வேண்டும். இரண்டாவது சோதனைக்குப் போன குழாய்களின் முடிவு சிலருக்கு இரண்டு மாதத்தில் வந்தது, சிலருக்கு ஒரு வருடத்தில், சிலருக்கு வரவேயில்லை. அரசின் இணையப் போர்ட்டலில் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் பிடிக்கவே பாறைமேல் ஏற வேண்டும்.

ஒழிப்பு என்ற சொல்லை எங்கள் பெண்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேரியர் அட்டை வாங்கிய ஒரு பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு அவள் நோயாளி என்றுதான் புரிந்திருக்கிறது. அந்தப் பையன் சோதித்துக்கொள்ளவே இல்லை என்பது தனிக் கதை. அட்டை கொடுத்தவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் நின்றிருக்காது. பேச வேண்டிய ஆலோசகருடைய ஒப்பந்தத்தைத்தான் நிறுத்திவிட்டீர்கள்.

ஒழிப்புத் திட்டத்துக்கு முன்பே, 2022-இல் வேறொரு குழு வந்தது. மரபணு ஆராய்ச்சி என்றார்கள். எந்த நிறுவனம், எந்தத் திட்டம் என்று ஊருக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது, அதனால் யார் பெயரையும் நான் இழுக்கவில்லை. ஒரு நாள் சம்பளத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். 61 பேருக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் ஐந்து பக்கம். ‘இங்கே கைநாட்டு’ என்று பென்சிலில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நான்கு பிஸ்கட் பாக்கெட், ஒரு குளுக்கோஸ் டப்பா கொடுத்துவிட்டு ஜீப் ஏறிவிட்டார்கள். ஊர்ப் பாட்டி ஒருத்தி, 70-க்கு மேல், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: “போன தடவை கொண்டுபோன ரத்தம் என்ன சொல்லுச்சு, பிள்ளை?” முதல் வருடம், வரும் பாட்டி என்றேன். இரண்டாம் வருடம் வேறு பாதையில் போக ஆரம்பித்தேன்.

இந்த விஷயத்தில் உலகம் ஏற்கெனவே பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்களிடம் 1990 முதல் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ரத்தம் வாங்கியது. அதை அவர்களுக்குச் சொல்லாமலே மனநோய் பற்றியும், அவர்கள் எங்கிருந்து குடியேறியவர்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010-இல் சமரசமாகி 7 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், மீதி ரத்தத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். தென் ஆப்பிரிக்காவில் சான் மக்கள் 2017-இல் தங்களை ஆராய வருபவர்களுக்கென்று தாங்களே நெறிமுறை எழுதிவைத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கிறது. அந்த 61 பேரின் பெயரும் குழாய் எண்ணும் என் கையெழுத்தில் அதில் இருக்கின்றன. பழக்கத்தில் எழுதிவைத்தது.

2025-இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தையின் கல்லீரலில் இருந்த அரிய மரபணுக் கோளாற்றைத் திருத்தினார்கள். அந்த ஒரு குழந்தைக்காக மட்டும், ஆறே மாதத்தில், புதிதாக ஒரு மருந்தைச் செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தியையும் நான் கண் கலங்கித்தான் படித்தேன். ஒரு குழந்தைக்கு ஆறு மாதத்தில் மருந்தே செய்ய முடிகிற காலத்தில் 61 பேருக்குக் கடிதம் போட முடியாதா?

நான் கேட்பவை இவைதான்.

பிர்சா 101 ஆகட்டும், அடுத்து வரும் எதுவாகட்டும், மனிதர்களிடம் அது பரிசோதிக்கப்படும்போது நீலகிரியிலிருந்து நோயாளிகளைச் சேர்ப்பதானால், விதிகளை முதலில் எங்கள் ஊர்க்கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டுங்கள். இருளர், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களில் அவரவர் பேச்சு தெரிந்த ஒருவரை வைத்து விளக்குங்கள். கருமுட்டை, விந்தணுப் பாதுகாப்பு, கூட வருபவரின் கூலி இழப்பு, தங்குமிடம், 15 வருடக் கண்காணிப்புக்கான போக்குவரத்து எல்லாம் அந்தப் பரிசோதனையின் செலவிலேயே இருக்க வேண்டும். மருந்து விற்பனைக்கு வரும்போது எங்களுக்கு என்ன விலை, வரிசையில் எங்கள் இடம் எது என்பதையும் ரத்தம் எடுக்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். பரிசோதனைக்கு முதல் ஆளாகவும் மருந்துக்குக் கடைசி ஆளாகவும் நிற்க எங்களுக்கு விருப்பமில்லை.

சிகிச்சை மையம் ஒன்று தமிழ்நாட்டில் வேண்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் கடுமையாக உள்ள 5 பேருக்கு அவர்களுடைய மூல செல்களையே மாற்றி மரபணுச் சிகிச்சை கொடுத்து, அதன் விவரம் 2024 டிசம்பரில் உலகத்தின் முன்னணி மருத்துவ இதழில் வந்தது. செய்யத் தெரிந்தவர்கள் மலைக்குக் கீழேயே இருக்கிறார்கள்.

அந்தச் சிகிச்சை வரும் வரை, ஹைட்ராக்சியூரியா ஒரு நாளும் தீரக் கூடாது. மூன்று மாத இருப்பைச் சுகாதார நிலையத்தில் கட்டாயமாக்குங்கள், இருப்பு விவரத்தைச் சுவரில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எங்கள் மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த வாரத்திலேயே சோதனை செய்து, நோய் இருந்தால் பென்சிலினும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் தொடங்குங்கள். அரிவாள்செல் குழந்தைகளைப் பென்சிலின் எப்படிக் காப்பாற்றுகிறது என்பது 1986-லேயே நிரூபணமான விஷயம். அவசரப் பிரிவுகளுக்கு அந்த ஒரு பக்கக் குறிப்பை அனுப்புங்கள். ஆலோசகரைத் திரும்ப வேலைக்கு எடுங்கள், ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது.

40 வயதுக்கு மேற்பட்டவர்களையும் கேட்டால் சோதியுங்கள். உயிரோடு இருக்கும் மூத்த நோயாளிகள் சிலர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், யாருடைய கணக்கிலும் இல்லாமல்.

கடைசியாக, 2022-இல் வந்த குழு யார் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க முடியும். அனுமதி கொடுத்த கோப்பு எங்காவது ஓர் அலமாரியில் இருக்கும். அந்த 61 குழாய்கள் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றில் என்ன பார்த்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று தமிழில் ஒரு கடிதம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். எண்கள் என்னிடம் இருக்கின்றன, முதல் குழாயிலிருந்து 61-ஆவது வரை ஒன்றும் விடுபடவில்லை. 17-ஆவது எண் பாட்டியுடையது. அவளுக்கு எழுத்து தெரியாது, என் முகவரிக்கே அனுப்பினால் போதும், நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி மலைச்சரிவிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்